வீட்டிலிருக்கும் வேட்டைத் துப்பாக்கி

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஜபல்பூரில் நம் சங்கத்துப் பழைய உறுப்பினர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். ரயில்வேயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற அப்பெரியவர் ஐப்பசியில் காலமாகிவிட்டார். குடும்ப ஓய்வூதியத்துக்குரிய தாள்களைப் பூர்த்தி செய்து தரும்படி அவருடைய மனைவியார் அழைத்திருந்தார். அந்த வேலை முடிந்து, காப்பியும் அருந்தியபின், அம்மையார் சற்றுத் தயங்கி, "தம்பி, இன்னொரு சமாசாரமும் இருக்கு" என்று சொல்லி, பீரோவின் பின்புறத்திலிருந்து நீண்டதொரு தோலுறையை எடுத்து வந்து கட்டிலின்மேல் வைத்தார். உள்ளே இருந்தது ஒரு ரைபிள்.

அது இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 315 போர் வேட்டைத் துப்பாக்கி. அம்மையாரின் மாமனார் 1964-ஆம் ஆண்டில் வாங்கியது. அக்காலத்தில் அவர் நைன்பூர் வழியாகக் கோந்தியா செல்லும் குறுகிய ரயில் பாதையில் பாதைப் பராமரிப்பு இன்ஸ்பெக்டராக இருந்தார். அந்தப் பாதை இப்போது அகலப் பாதையாகிவிட்டது. டிராலியில் அமர்ந்து காட்டுக்குள்ளே மைல் கணக்கில் செல்லும் உத்தியோகம். சர்க்கார் வேட்டை அனுமதி கொடுத்த காலம். அவருக்குப் பின் மகன் பெயருக்கு உரிமம் மாறியது. மகன் ஒரு நாளும் வேட்டைக்குப் போனவரல்லர். ஆனால் ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று அதைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, புத்தகங்களோடு மணையில் வைப்பார். அப்படிச் சந்தனம் இட்ட இடத்தில், குழலின்மேல் ஓர் அரையணாக் காசளவுக்குக் கருநிறம் போய்த் துரு ஏறியிருந்ததை நானே கண்டேன்.

அம்மையாருக்கு இருந்த கேள்விகள் இரண்டு. பக்கத்து வீட்டார் மூலமாக ஒரு கொல்லுப்பட்டறைக்காரன் வந்து பார்த்துவிட்டு, "குழல் கெட்டுப்போயிற்று, இரண்டு நாளில் புதுக் குழல் போட்டு, பழைய எண்ணையே அதில் குத்தித் தருகிறேன், பிறகு நல்ல விலைக்குப் போகும்" என்று சொல்லியிருக்கிறான். அதைச் செய்யலாமா என்பது ஒன்று. மூத்த மகன் சென்னையில் இருக்கிறார். அவர் வரும்வரை இது வீட்டில் இருக்கலாமா என்பது மற்றொன்று.

முதற் கேள்விக்கு, வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் இரண்டாவதற்கு நான் சொன்ன விடை தவறு. உரிமப் புத்தகத்தைப் புரட்டினேன். அதன் காலம் முடிய இன்னும் இரண்டு ஆண்டுக்குமேல் இருந்தது. "காலம் இருக்கிறதே பெரியம்மா, சித்திரையில் மகன் வரட்டும், நிதானமாகப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நம் வீடுகளில் பலரும் இவ்வாறே எண்ணுகிறோம் என்பதைப் பின்னால் விசாரித்து அறிந்தேன். அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இரவு படுத்தபின் உறக்கம் வரவில்லை. இறந்துபோன ஊழியரின் ரயில்வே பாஸில் தேதி மிச்சம் இருக்கிறது என்பதற்காக அவருடைய தம்பி அதில் பயணம் செய்ய முடியுமா? நாள்தோறும் பாஸ் எழுதுகிற எனக்கே இந்த எண்ணம் காலதாமதமாகத்தான் உதித்தது. துப்பாக்கி உரிமமும் ஆளுக்குக் கொடுப்பதேயன்றித் துப்பாக்கிக்குக் கொடுப்பதன்று. ஆள் மறைந்தால் உரிமமும் அவரோடு மறைந்தது. புத்தகத்தில் உள்ள தேதி அதற்குமேல் எவரையும் காப்பாற்றாது.

மறுநாள் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஆங்கில ஆட்சிக் காலத்து 1878-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக நாம் இயற்றிக்கொண்ட ஆயுதச் சட்டம் 1959-ஆம் ஆண்டினது. நடைமுறைக்கு வந்தது 1962 அக்டோபர் 1 முதல். அதன் 21-ஆம் பிரிவு சொல்லுவதன் சாரம் இது: எந்தக் காரணத்தாலாயினும் ஒருவர் கையிலுள்ள ஆயுதம் சட்டப்படி அவர் வைத்திருக்கக் கூடாததாகிவிட்டால், அவர் வீண் தாமதமின்றி அதை அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைக்காமல் உரிமமின்றி வைத்திருந்தால் 25-ஆம் பிரிவின்படி தண்டனை. முன்பு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை என்றிருந்த சிறைவாசம், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இரண்டாண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை என்றாயிற்று, அபராதமும் உண்டு. ஐப்பசி முதல் மாசி வரை நான்கு மாதமாக அந்த வயோதிக மாது தாம் அறியாமலே எத்தகைய பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு உறங்கியிருக்கிறார் என்பதை நினைத்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அதற்குமேல் இரண்டு மாதம் நானும் சேர்த்துக் கொடுத்திருந்தேன்.

அன்று மாலையே சென்று உள்ளதைச் சொன்னேன். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பதும் குற்றமாய் முடியலாம் என்ற அச்சத்தால், முதலில் ஒரு விண்ணப்பம் எழுதி, மரணச் சான்றிதழின் நகலையும் உரிமப் புத்தகத்தின் நகலையும் சேர்த்து, அம்மையாரும் நானும் வெறுங்கையோடு போலீஸ் நிலையம் சென்றோம். இருந்த அதிகாரி பொறுமையாகப் படித்தார். "நீங்களாகவே வந்தீர்கள், நல்லது" என்று ஹிந்தியில் சொல்லி, ஒரு காவலரை எங்களோடு அனுப்பினார். துப்பாக்கியின் எண்ணும் உறையிலிருந்த பதினொரு தோட்டாக்களின் கணக்கும் எழுதப்பட்டன. தங்கள் கிடங்கில் மழைக்காலத்தில் ஈரம் இருக்கும் என்றும், விரும்பினால் உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாடகைக்கு வைத்துவிட்டு ரசீது நகலைத் தம்மிடம் தரலாம் என்றும் அவரே யோசனை சொன்னார். அப்படியே செய்தோம்.

வியாபாரியின் கடையில் ஒரு கிழ மிஸ்திரி இருந்தார். அவர் போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழலின் பின்புறத்தில் கண்ணை வைத்து விளக்கை நோக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தபின், "இந்தக் குழல் சுட்டுச் சாகவில்லை, சும்மா இருந்து செத்தது" என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார். துப்பாக்கிக் குழலுக்குள் நான் பார்த்தது அதுவே முதல் தடவை. அவர் காட்டியதையும், பிறகு நான் நூல்களில் படித்து ஒப்பிட்டுக்கொண்டதையும் சேர்த்துச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

ரைபிளின் குழல் வெறும் துளையன்று. அதன் உட்சுவரில் திருகாணியின் மரைபோலச் சுருண்டு செல்லும் பள்ளங்களும், அவற்றுக்கு இடையே மேடுகளும் உண்டு. ரவை அந்த மேடுகளில் பிடிபட்டுச் சுழன்றுகொண்டே வெளியேறும். பம்பரம்போல் சுழல்வதனால்தான் தலை குப்புறாமல் நேரே செல்லுகிறது. நம் ராணுவம் முன்பு வைத்திருந்த 303 ரைபிளில் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் இந்தச் சுருள் இருந்தது. ரவை வினாடிக்கு 2440 அடி வேகத்தில் வெளிவந்தால், அது வினாடிக்கு ஏறத்தாழ 2900 சுற்றுச் சுற்றுகிறது என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். மேடுகள் தேய்ந்தால் பிடி தளரும். பிடி தளர்ந்தால் சுழற்சி கெடும். குறி தாளில் ஓர் அங்குல வட்டத்துக்குள் விழுந்த ரவைகள் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறும். மிகக் கெட்ட நிலையில் ரவை பக்கவாட்டில் புரண்டு விழுந்து, தாளில் சாவித் துவாரம்போல் நீளமான ஓட்டை போடும்.

எங்கள் ரயில்வேயில் தண்டவாளம் எல்லா இடத்திலும் ஒரேபோல் தேய்வதில்லை. வளைவில் வெளிப்புறத் தண்டவாளமே முதலில் கரையும். குழலிலும் அப்படியே. தோட்டா அமரும் அறை முடிந்து மரைப்பள்ளம் தொடங்கும் இடத்தைத் தொண்டை என்கிறார்கள். சுடும்போது முதலில் அரிக்கப்படுவது அதுதான். ரவை உரசுவதைவிட நெருப்பே அங்கே பெரிய பகை. எஃகு ஏறத்தாழ 1500 டிகிரியில் உருகும். எரியும் மருந்தின் வாயுவோ 2000 டிகிரியை நன்கு தாண்டிய சூட்டில், சதுர அங்குலத்துக்கு இருபது டன்னுக்கு அருகான அழுத்தத்தோடு அந்தச் சிறு வாயில் பாய்கிறது. அது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிப்பதால்தான் குழல் பிழைக்கிறது. ஆயினும் மேற்பரப்பு ஒவ்வொரு தடவையும் சுட்டுக் குளிர்ந்து, இறுகி, நொறுங்குந் தன்மை அடைந்து, வறண்ட ஏரியின் அடிமண்போல் வெடிப்பு விடுகிறது. பின்னர் வரும் வாயு அந்த ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. அடுத்தடுத்துச் சுட்டுக் குழலைச் சூடாக்கிக்கொண்டே போனால் இந்த அழிவு பன்மடங்கு விரையும்.

இந்த மருந்து விஷயத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. குன்னூரிலிருந்து உதகைக்கு மலை ரயிலில் சென்றவர்கள் வழியில் அருவங்காடு நிலையத்தைக் கண்டிருப்பார்கள். அங்கே 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. கார்டைட் என்பது கயிறு கயிறாகப் பிழிந்தெடுத்த புகையற்ற மருந்து. அதன் முதற் கலவையில் நைட்ரோகிளிசரின் நூற்றுக்கு 58 பங்கு இருந்தது. அந்தச் சூட்டில் ஆங்கிலேயரின் துப்பாக்கிக் குழல்களும் பீரங்கிக் குழல்களும் மெழுகாய்க் கரைந்தன. தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் முடிந்தபின் அதை 30 பங்காகக் குறைத்து வேறு கலவை செய்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கை: குழலுக்கு வழவழப்பு உண்டாகட்டும் என்று மருந்தோடு 5 பங்கு மண்ணெண்ணெய் வகை ஜெல்லியையும் சேர்த்திருந்தார்கள். அது வழவழப்புத் தரவில்லை; ஆனால் மருந்து நாட்பட்டுக் கெடாமல் காப்பதற்கு உதவிற்று. ஒன்றை நினைத்துச் செய்தது வேறொன்றுக்குப் பயன்பட்டது. மருந்துச் சூட்டைக் கண்டு மரையின் வடிவத்தையும் மாற்றினார்கள். மெட்போர்டு என்பவர் வகுத்த ஆழமில்லாத ஏழு பள்ளங்கள் கார்டைட்டுக்குத் தாங்கவில்லை என்று, 1895-இல் ஆழமான ஐந்து பள்ளங்களுக்கு மாறியதிலிருந்துதான் லீ-என்பீல்டு என்ற பெயரே வந்தது.

சரி, இப்படிச் சுட்டுத் தேய எத்தனை தோட்டா வேண்டும்? தோட்டாவுக்குத் தோட்டா வேறுபடும். குறுகிய துளையில் நிறைய மருந்தை அடைத்து மிகு வேகம் பெறும் வகைகள் ஆயிரத்தைந்நூறுக்குள்ளேயே தளர்ந்துவிடும். நடுத்தரமான வேட்டைத் தோட்டாக்களுக்குச் சில ஆயிரம் என்பது பொதுவான அனுபவம். நாலாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வேட்டைக்காரர் ஆண்டுக்கு நாற்பது தோட்டா சுட்டால் அதற்கு நூறாண்டு செல்லும். மொகாமா படித்துறையில் ரயில்வே சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராக இருபதாண்டுக்குமேல் உழைத்த ஜிம் கார்பெட்டைப்பற்றி நம்மில் பலர் படித்திருக்கிறோம். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907-இல் கொன்றதற்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹீவெட் அவருக்கு அளித்த 275 ரிக்பி ரைபிள், இன்றும் அதைச் செய்த கம்பெனியாரிடமே பாதுகாப்பாக இருக்கிறது. வேட்டைத் துப்பாக்கி தேய்ந்தொழிவதற்குச் சுடுவது முக்கியக் காரணமன்று என்றே சொல்லவேண்டும்.

மிஸ்திரி சொன்னதும் அதுவே. எங்கள் குழலில் தொண்டை இன்னும் கூர்மையாகவே இருந்தது. அழிந்திருந்தவை வேறு இடங்கள். நடுக்குழல் நெடுகிலும் அம்மைத் தழும்புபோல் துருக்குழிகள். இதற்கு மூலம் பழைய தோட்டாக்களின் கேப். அவற்றில் இருந்த பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பு வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாகிக் குழலுக்குள் படிகிறது. அது நம் சமையல் உப்பின் உடன்பிறப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை எந்த வீட்டில்தான் பார்த்ததில்லை? சுட்டவுடன் எண்ணெய் போட்டுத் துடைத்தோம், ஆகையால் துரு வராது என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆகையால் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் குழலின் பின்புறமாகக் கொதிக்கும் நீரை ஊற்றிக் கழுவி, உலரத் துடைத்து, அதன் பிறகே எண்ணெய் இட்டார்கள். இரும்புக்குள் தண்ணீரா என்று மிரண்டவர்களின் துப்பாக்கிகளே துருப்பிடித்தன.

அடுத்தது குழலின் வாய். குழலைத் துடைக்கக் கயிற்றில் துணி கட்டி இழுப்பதுண்டு. கயிறு எப்போதும் ஒரே பக்கமாக உரசினால் கிணற்றுக் கல்லில் கயிற்றுத் தடம் விழுவதுபோல் எஃகிலும் விழும். ரவை கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் சரிந்தால், பின்னால் வரும் வாயு ரவையை ஒருபுறமாகத் தள்ளிவிடும். குழல் முழுவதும் நன்றாக இருந்தும் குறி தப்பும். போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்புறத்திலிருந்து நேரான கோலால் துடைப்பதே முறை. மூன்றாவது குற்றம் தோலுறை. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தூரப் பயணத்துக்கு நல்லது, வருஷக் கணக்கில் உள்ளே வைப்பதற்கு ஆகாது. வாயில் துணி அடைத்து வைப்பதும் அப்படியே. அடைத்ததை மறந்து சுட்டால் குழல் உப்பும், வெடிக்கவும் கூடும். சந்தனத்தைப்பற்றி மிஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. விரலால் அந்த இடத்தைத் தடவிவிட்டுச் சிரித்தார்.

இனி, குழல் மாற்றும் விஷயம். தொழில் ரீதியில் அது நடக்கக்கூடிய காரியமே. பழைய குழலைத் திருகிக் கழற்றிவிட்டுப் புதியதைத் திருகிப் பூட்டலாம். தொண்டை மட்டும் கெட்டிருந்தால் பின்புறத்தைச் சிறிது வெட்டிப் புதிதாக அறை குடைவதும் உண்டு. ஆனால் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி ஒரு மயிரிழை கூடினாலும் ஆபத்து. 315 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பின் கனத்தை வைத்தே இடைவெளி அளக்கப்படும். இடைவெளி மிகுந்தால் வெடிக்கும்போது பித்தளைக் கூடு கிழிந்து, வாயு சுடுபவன் கண்ணை நோக்கித் திரும்பும். ஆதலால் குழல் மாற்றிய துப்பாக்கியை அளவு கருவிகளால் சோதித்து, மிகையழுத்தத் தோட்டாவால் பரீட்சை செய்த பிறகே ஒருவர் தோளில் வைக்க வேண்டும். கொல்லுப்பட்டறையில் இரண்டு நாளில் முடியும் வேலையா இது?

அந்தப் பட்டறைக்காரன் சொன்ன யோசனையில் எத்தனை குற்றங்கள் அடங்கியிருந்தன என்பதை எண்ணிப் பார்த்து வியந்தேன். ஆயுதம் என்ற சொல்லுக்குச் சட்டம் கூறும் பொருளில் அதன் உறுப்புகளும் அடங்கும். ஆகவே தனிக் குழலும் ஆயுதமே. உரிமம் இல்லாதவன் துப்பாக்கியைச் செய்வது மட்டுமன்று, பழுது பார்ப்பதும் 5-ஆம் பிரிவுக்கு மாறு. குழலைக் குறுக்குவதும், ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் 6-ஆம் பிரிவுக்கு மாறு. எண்ணையோ முத்திரையையோ அழிப்பதும் மாற்றுவதும் போலியாகக் குத்துவதும் 8-ஆம் பிரிவுக்கு மாறு. இவற்றில் முதலிரண்டுக்கும் 2019-க்குப் பின் தண்டனை ஏழாண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரையிலும் போகலாம். பிடிபடும்போது பட்டறைக்காரன் இருக்குமிடம் தெரியாது; துப்பாக்கி இருக்குமிடம் மட்டும் தெரியும்.

வேறொரு கண்ணியும் உண்டு. 303 குழல் மலிவாகக் கிடைக்கிறது, அதையே போடலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்களாம். ராணுவத் தோட்டாக்களுக்குரிய அளவுகள் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டவை. அவற்றுக்கு மத்திய அரசாங்கத்தின் தனி அனுமதி வேண்டும். 315 என்ற அளவு நம் நாட்டில் இவ்வளவு பரவியதற்கே காரணம் இந்த விலக்குத்தான். 303-க்கு ஏறத்தாழச் சமமான பலமும், ஆனால் ராணுவக் கிடங்கிலிருந்து களவாடிய தோட்டா உள்ளே நுழையாத அளவும் வேண்டும் என்று, பழைய ஆஸ்திரிய மான்லிகர் தோட்டாவின் அளவை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே குழல் மாற்றியே தீரவேண்டுமானால், அதே அளவில், பழுது பார்க்க உரிமம் பெற்ற கடையில், உரிமம் வழங்கும் அதிகாரிக்கு முன்கூட்டி எழுதி உத்தரவு பெற்றுச் செய்வதே வழி. உரிமப் புத்தகத்தில் ஏறியிருக்கும் எண் எந்த உறுப்பில் பொறித்தது என்பதைப் பார்த்து, புதிய எண் வந்தால் அதையும் அதில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஆனால் இன்றைய நிலையில் அந்தச் செலவு எதற்கு என்று நான் கேட்டேன். புலி வேட்டை 1970-இல் தடை செய்யப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. மிச்சமிருந்த வேட்டை அனுமதிகளும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு எடுபட்டன. அம்மையாரின் மாமனார் டிராலியில் சென்ற நைன்பூர்ப் பக்கத்துக் காடுகளை அடுத்த கன்ஹா, 1973-இல் புலிகள் காப்புத் திட்டத்தின் முதல் ஒன்பது காடுகளில் ஒன்றாயிற்று. சரணாலயத்திலும் அதன் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவிலும் குடியிருந்து துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர் வனத்துறையிடம் தனியே பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். வேட்டைத் துப்பாக்கி என்ற பெயர் மட்டும் நிற்கிறது, வேட்டை இல்லை.

அம்மையாருக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. "சுடறதுக்கா கேக்கறேன்? இருக்கணும்னு கேக்கறேன்" என்றார். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25-ஆம் விதி, உரிமதாரர் இறந்தபின் அவருடைய வாரிசுக்கு உரிமம் வழங்கலாம் என்கிறது. மனைவி, மகன், மகள், மருமகன், மருமகள், பேரப்பிள்ளை, உடன்பிறந்தார் எல்லாரும் இதில் அடங்குவர். மற்ற வாரிசுகள் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரவேண்டும். விண்ணப்பதாரர் 21 வயது நிரம்பியவராயிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்றும் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். உரிமம் இப்போது ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது; முன்பு மூன்றாண்டு. தேசியப் பதிவேட்டில் ஏறித் தனி அடையாள எண் பெறாத பழைய உரிமம் செல்லாது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் முன்பு மூன்று. 2019-க்குப் பின் இரண்டு. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இரண்டுதான்.

இந்த விதியில் உயிரோடிருக்கும் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. உரிமதாரர் எழுபது வயதை எட்டினாலோ, அல்லது துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, தாம் இருக்கும்போதே தம் வாரிசுகளில் ஒருவரைக் குறிப்பிட்டு அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். காலமான டிரைவருக்கு வயது எழுபத்திரண்டு. ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தால் நான்கு மாதக் கவலை இல்லாமற் போயிருக்கும். நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் மாறும் குடும்பங்களுக்கு மற்றொரு தொல்லையும் இருக்கிறது. உரிமம் ஜபல்பூரில் வாங்கியது. ஓய்வு பெற்றுத் திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ குடியேறும்போது சட்டி பானையோடு துப்பாக்கியையும் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். உரிமத்தில் குறித்த எல்லை எதுவென்று பார்க்க வேண்டும். குடியிருப்பு மாறியதைப் பழைய அதிகாரிக்கும் புதிய அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். சாமான் வண்டியில் சீட்டு ஒட்டிவிட்டால் ஆயிற்று என்று நினைப்பவர்களை என் மேஜைக்கு முன்னாலேயே கண்டிருக்கிறேன்.

சென்னையிலிருக்கும் மகனோடு தொலைபேசியில் பேசினேன். அவருக்கும் அதன்மேல் ஆசை இருந்தது. ஆனால் இரண்டு சிறு குழந்தைகள் உள்ள வீடு. விற்றுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். 21-ஆம் பிரிவு அதற்கும் வழி விடுகிறது: குறித்த காலத்துக்குள் வாரிசு திரும்பப் பெறலாம், அல்லது உரிமமுள்ள ஒருவருக்கு விற்கும்படி எழுதிக் கொடுக்கலாம், இரண்டும் செய்யாவிட்டால் அறிவிப்புக்குப்பின் சர்க்காருக்குச் சேரும். துருக்குழி விழுந்த குழலுக்கு நல்ல விலை வராதென்று மிஸ்திரி முன்னமே சொல்லியிருந்தார். திருச்சியிலிருக்கும் மகள்தான் முடிவில் பேசினாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் சம்மதமானால் தன் பெயருக்கே கேட்கலாம் என்றாள். அவளுக்குக் குழந்தைகள் கல்லூரி வயதில் இருக்கிறார்கள். வீட்டில் பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி இருக்கிறது. பெண்ணுக்குத் துப்பாக்கியா என்று சகோதரர்களில் ஒருவர் கேட்டாராம். விதியில் மகள் என்ற சொல் இருப்பதை நான் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

ஆட்சேபமின்மைப் பத்திரங்கள் இரண்டும் பங்குனியில் வந்து சேர்ந்தன. மகள் திருச்சியில் விண்ணப்பித்திருக்கிறாள். போலீஸ் விசாரணை நடக்கிறது. குழல் மாற்றும் பேச்சு இப்போதைக்கு நின்றுவிட்டது. வியாபாரியின் கடையில் மிஸ்திரி அதைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, தோலுறை இல்லாமல் மரச் சட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். மாத வாடகையை அம்மையார் தம் ஓய்வூதியத்திலிருந்து கட்டுகிறார். ரசீதைச் சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அங்கே கரப்பான் வரும் என்று நான் சொன்னதன்பேரில் ஓய்வூதியப் புத்தகத்தோடு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.